பதினோரு மணிக்கு மேல யார் கடை திறக்கலாம்?

கொஞ்சம் நீளமான த்ரெட். பொறுமையா படிங்க. ராத்திரி டிபன் கடைக்கும் ராத்திரி ஓடுற டாக்ஸிக்கும் யார் அனுமதி கொடுக்கறாங்க, அதுல என்னை மாதிரி ஒரு எம்.பி.பி.எஸ். டாக்டரோட கையெழுத்து எங்க வருதுன்னு எழுதியிருக்கேன்.

எந்த ஆஸ்பத்திரின்னு சொல்ல மாட்டேன். விழுப்புரம் - திண்டிவனம் வட்டாரத்துல ஒரு அரசு மருத்துவமனைன்னு மட்டும் வச்சுக்கங்க.

போன மாசம் ஒரு நைட் டியூட்டி. மணி ஒன்று ஐம்பது. செஞ்சி பக்கத்து கிராமத்துல இருந்து ஒரு பொண்ணு கார்ல வந்து இறங்குச்சு. இரண்டாவது பிரசவம். லேபர் வார்டுக்குள்ள போன இருபதாவது நிமிஷம் குழந்தை. ஆண் குழந்தை, இரண்டே முக்கால் கிலோ, நல்லா அழுதான். தையல் இல்ல, ரத்தப்போக்கு இல்ல. இப்படி ஒரு கேஸ் வந்தா டியூட்டி டாக்டர் சாமிக்கு நன்றி சொல்லணும்.

அரை மணி நேரம் கழிச்சு போய்ப் பார்த்தேன். "எப்படிம்மா இருக்க?"ன்னேன். "பசிக்குது டாக்டர்" அப்படின்னுச்சு. மதியம் சாப்பிட்டதுதானாம்.

புருஷனை அனுப்பினோம். கால் மணி நேரம் கழிச்சு ஒரு குளுக்கோஸ் பிஸ்கட் பாக்கெட்டோட வந்தார். அதுவும் மெடிக்கல் ஷாப்ல வாங்கினது. "வெளில ஒண்ணுமே இல்ல சார். பஸ் ஸ்டாண்டு வரைக்கும் போயிட்டேன்."

மூணு வாரம் முன்னாடி வந்திருந்தா இருந்திருக்கும். எங்க கேட்டுக்கு வெளியே ஒரு அக்கா தள்ளுவண்டி போட்டிருந்தாங்க. ராத்திரி பத்து மணிக்கு அடுப்பு பத்த வைப்பாங்க, விடிகாலை அஞ்சுக்கு அணைப்பாங்க. இட்லி, கல் தோசை, பால், சுக்கு காபி. கைக்குழந்தைக்கு வெந்நீர் கேட்டு வந்தா பிளாஸ்க்ல ஊத்திக் கொடுப்பாங்க, காசு வாங்க மாட்டாங்க. வார்டுல சுகர் பேஷண்டோட கூட இருக்கறவங்க, பிரசவத்துக்கு வந்த மாமியார், ஆம்புலன்ஸ் பசங்க, ஸ்டாஃப் நர்ஸ், நான், எல்லாருக்கும் அதுதான் மெஸ். நானும் அங்க சாப்பிட்டவன்தான். அதனால இது முழுசா நடுநிலையான பதிவு இல்ல, அதையும் முதல்லயே சொல்லிடறேன்.

ஒரு நாள் ராத்திரி வந்து அடுப்பை அணைக்கச் சொன்னாங்க. மறுநாள் வண்டியே இல்ல. ரெண்டு காரணம் சொன்னாங்களாம். ஆம்புலன்ஸ் திரும்ப இடைஞ்சலா இருக்கு. பதினோரு மணிக்கு மேல கடை இருக்கக் கூடாது. முதல் காரணம் பொய் இல்ல. ரெண்டு தடவை நானே "அக்கா, கொஞ்சம் தள்ளிப் போடுங்க"ன்னு சொல்லியிருக்கேன். ரெண்டாவது காரணத்தைப் பத்திதான் பேசணும்.

அதுக்கு முன்னாடி அந்த கார் டிரைவர்.

பொண்ணைக் கூட்டிட்டு வந்தவர், நாற்பத்தி மூணு வயசு, சொந்த வண்டி, இன்னும் டியூ ஓடுது. வராண்டாவுல நின்னுக்கிட்டு, "ஒரு டீ மட்டும் கிடைச்சா கிளம்பிடுவேன் சார்" அப்படின்னார். "பெஞ்ச்ல ஒரு மணி நேரம் படுத்துட்டு போங்கண்ணே"ன்னு சொன்னேன். காலைல சென்னை ஏர்போர்ட் சவாரி இருக்குன்னு கிளம்பிட்டார்.

நாலு இருபதுக்கு அவரையே ஸ்ட்ரெச்சர்ல கொண்டு வந்தாங்க. பைபாஸ்ல மீடியன்ல ஏத்திட்டார். வண்டியில வேற யாரும் இல்ல, எதிர்ல யாரும் வரல. காரை எலும்பு முறிவு, புருவத்துல ஆறு தையல். அவ்வளவுதான். இதை அதிர்ஷ்டம்னு சொல்ல ஒரு கேஷுவாலிட்டி டாக்டராலதான் முடியும்.

கடைசியா எப்போ தூங்கி எழுந்தீங்கன்னு கேட்டேன். "நேத்து காலைல அஞ்சு மணிக்கு எழுந்தேன் சார்."

ஒரு நாள் கணக்கு வரப் போகுது. 1997-ல ஆஸ்திரேலியாவுல பண்ண ஒரு பிரபலமான ஆய்வு இருக்கு. 17 மணி நேரம் தொடர்ந்து முழிச்சிருக்கறவரோட கையும் கண்ணும் செயல்படுற விதம், ரத்தத்துல 0.05 சதவீதம் ஆல்கஹால் இருக்கறவர் அளவுக்கு மோசமாயிடுது. 24 மணி நேரம்னா கிட்டத்தட்ட 0.10. நம்ம மோட்டார் வாகனச் சட்டம் 185-வது பிரிவுல குடிச்சிட்டு ஓட்டறதுக்கு வரம்பு 100 மில்லி ரத்தத்துக்கு 30 மில்லிகிராம், அதாவது 0.03. கணக்கு உங்களுக்கே புரியும். ஆனா தூக்கத்தை ஊதிக் காட்டச் சொல்ல மெஷின் இல்ல.

(24 மணி நேர டியூட்டி முடிச்சுட்டு பைக்ல வீட்டுக்குப் போற டாக்டர்களும் இதைப் படிக்கறீங்கன்னு தெரியும். நானும்தான்.)

ஒரு டீ குடிச்சிருந்தா இது நடந்திருக்காதுன்னு நான் சொல்ல வரல. டீயில இருக்கற கஃபீன் வேலை செய்ய அரை மணி நேரம் ஆகும், தூக்கத்துக்கு மாற்று தூக்கம்தான். ஆனா டீக்கடைங்கறது வெறும் டீ இல்லையே. வண்டியை நிறுத்தணும், இறங்கணும், முகம் கழுவணும், கடைக்காரர் "என்னண்ணே, கண்ணு செவந்திருக்கு, கொஞ்சம் படு"ம்பார். நம்ம ஊர் ஹைவேல சில இடத்துல போலீஸே நடுராத்திரி லாரியை நிறுத்தி, முகம் கழுவச் சொல்லி, டீ கொடுத்து அனுப்பறதைப் பார்த்திருப்பீங்க. ரொம்ப நல்ல வேலை. அதே சமயம் ஊருக்குள்ள டீக்கடையை மூடச் சொல்றதும் அதே காக்கிதான்.

சரி, சட்டம் என்ன சொல்லுது?

2019 மே 28-ல தமிழ்நாடு அரசு ஒரு ஆணை போட்டுச்சு. கடைகளும் நிறுவனங்களும் வருஷம் 365 நாளும் 24 மணி நேரமும் திறந்திருக்கலாம். மூணு வருஷத்துக்கு. 2022-ல நீட்டிச்சாங்க. 2025 மே 5-ம் தேதி, திண்டிவனத்துக்கு வடக்கே மதுராந்தகத்துல நடந்த வணிகர் சங்கப் பேரமைப்பு மாநாட்டுல, இன்னும் மூணு வருஷம் நீட்டிப்புன்னு முதலமைச்சர் அறிவிச்சார். ஊழியருக்கு வாரம் ஒரு நாள் லீவு, ஒரு நாளைக்கு எட்டு மணி நேர வேலை, எட்டு மணிக்கு மேல பெண்கள் வேலை செய்யணும்னா அவங்க எழுத்துப்பூர்வ சம்மதம்னு நல்ல நிபந்தனைகளும் உண்டு. சென்னையில ஒரு பிரியாணிக் கடைக்காரர் ஹைகோர்ட் வரைக்கும் போய், இந்த ஆணை இருக்கும்போது போலீஸ் ராத்திரி கடையை மூடச் சொல்ல முடியாதுன்னு உத்தரவும் வாங்கினார்.

அப்போ எங்க பிரச்னை? ஆணையோட ஒரு வரியில. பத்து பேர் அல்லது அதுக்கு மேல வேலை செய்யற இடத்துக்குத்தான் அது பொருந்தும்.

ஹைவே மோட்டல்ல பத்து பேர் இருப்பாங்க. ஏ.சி. ரெஸ்டாரண்டுல இருப்பாங்க. அக்கா வண்டியில அக்கா மட்டும்தான் இருக்காங்க. சனிக்கிழமைன்னா அவங்க பொண்ணு. ராத்திரி ரெண்டு மணிக்கு 180 ரூபா பிரியாணிக்குச் சட்டப் பாதுகாப்பு இருக்கு, நாலு இட்லிக்கு இல்ல.

தள்ளுவண்டிக்குன்னு வேற ஒரு சட்டம் இருக்கு. தெருவோர வியாபாரிகள் சட்டம், 2014. உண்மையிலயே நல்ல சட்டம், படிச்சுப் பாருங்க. அதன்படி ஒவ்வொரு ஊர்லயும் நகர விற்பனைக் குழு இருக்கணும். தலைவர் நகராட்சி ஆணையர். உறுப்பினர்ல 40 சதவீதம் வியாபாரிகளே தேர்ந்தெடுத்த வியாபாரிகள், அதுல மூணுல ஒரு பங்கு பெண்கள். போக்குவரத்து போலீஸ், வங்கி, குடியிருப்போர் சங்கம் எல்லாருக்கும் இடம். இன்னொருத்தருக்கும் இடம் உண்டு: மருத்துவ அதிகாரி. இத்தனை வருஷம் சர்வீஸ்ல இது எனக்குத் தெரியாது. அக்காவுக்கு மனு எழுதும்போதுதான் படிச்சேன்.

அஞ்சு வருஷத்துக்கு ஒரு தடவை கணக்கெடுப்பு நடத்தணும். எடுத்தவங்களுக்கு விற்பனைச் சான்றிதழ் கொடுக்கணும். ஊர் மக்கள்தொகையில 2.5 சதவீதம் வரைக்கும் வியாபாரிகளுக்கு இடம் ஒதுக்கலாம். 2011 கணக்குப்படி திண்டிவனம் நகராட்சியில சுமார் 72 ஆயிரம் பேர், அப்போ 1,800 வண்டி. எடுக்கச் சொல்லணும்னா 30 நாள் நோட்டீஸ் கொடுக்கணும். சான்றிதழ்படி கடை போடுறவரை போலீஸ் உட்பட யாரும் தடுக்கக் கூடாதுன்னு 27-வது பிரிவு.

அக்காகிட்ட என்ன பேப்பர் இருக்குன்னு கேட்டேன். பத்திரமா ஒரு மஞ்சப்பையில இருந்து எடுத்தாங்க. கொரோனா சமயத்துல பிரதமர் ஸ்வநிதி திட்டத்துல வாங்கின பத்தாயிரம் கடனோட பேப்பர். அதுக்காக வாங்கின சிபாரிசுக் கடிதம். ரெண்டும் விற்பனைச் சான்றிதழ் இல்ல.

"பேங்க்ல எனக்குக் கடன் கொடுத்தாங்களே தம்பி, நானும் ஒழுங்கா கட்டி முடிச்சேன். அப்போ இன்னார் இங்க கடை போடுறான்னு கவர்மெண்டுக்குத் தெரியும்னுதானே அர்த்தம்?"

எனக்குப் பதில் தெரியல.

எல்லாத்தையும் திறந்து விடுங்கன்னு நான் சொல்லல. கேஷுவாலிட்டியில உக்காந்திருக்கறவன் அப்படிச் சொல்ல மாட்டான். எனக்குத் தெரிஞ்ச ஒரு எஸ்.ஐ. சொன்னார், "டாஸ்மாக் பத்து மணிக்கு மூடறான். குடிச்சவன் அடுத்து எங்க போவான்? திறந்திருக்கற சாப்பாட்டுக் கடைக்கு. அங்க ஒரு சண்டை, பாட்டிலால ஒரு குத்து, அப்புறம் உங்ககிட்டதான் டாக்டர் வருவான்." உண்மை. தையல் போட்டவன் நான். சாப்பாடும் அப்படித்தான். 2023 செப்டம்பர்ல நாமக்கல்ல ஷவர்மா சாப்பிட்ட 14 வயசுப் பொண்ணு இறந்து போச்சு, ஞாபகம் இருக்கும். கைகழுவத் தண்ணி இல்லாத வண்டி, மூணு நாள் எண்ணெய், சமைக்கறவருக்கே டைஃபாய்டு. இதையெல்லாம் யாராவது பார்க்கத்தான் வேணும். உணவுப் பாதுகாப்புச் சட்டப்படி சமையல் வேலை செய்யறவங்களுக்கு வருஷத்துக்கு ஒரு தடவை உடல் பரிசோதனை, டைஃபாய்டு தடுப்பூசி. பெரிய ஹோட்டல்காரங்க அந்த சர்டிபிகேட்டுக்கு ஆளைக் கூட்டிட்டு வருவாங்க. அக்காவை யாரும் கூட்டிட்டு வரல. அவங்க இட்லியைத்தான் நாங்க நாலு வருஷமா சாப்பிட்டோம்.

பார்க்கறதுன்னா பகல்ல வந்து பார்த்து, எழுதி, இது இருந்தா போடலாம், இது இல்லன்னா போடக் கூடாதுன்னு சொல்லணும். நடுராத்திரி வந்து லத்தியால வண்டியைத் தட்டறது பார்க்கறது ஆகாது. எழுதின விதி இல்லாத இடத்துல, அன்னிக்கு யார் ரவுண்ட்ஸ் வராங்களோ அவங்க மனநிலைதான் விதி. 2020 ஜூன்ல சாத்தான்குளத்துல என்ன நடந்தது? ஊரடங்கு நேரம் தாண்டி கடை திறந்திருந்தாங்கன்னு சொல்லித்தான் ஜெயராஜ், பென்னிக்ஸ் அப்பா மகன் ரெண்டு பேரையும் கூட்டிட்டுப் போனாங்க. ரெண்டு பேருமே உயிரோட திரும்பல. அவங்களை ரிமாண்ட் பண்றதுக்கு முன்னாடி, உடல்நிலை சரியா இருக்குன்னு சான்று கொடுத்தது ஒரு அரசு மருத்துவர். அந்த வரியைப் படிச்ச அன்னிக்கு எங்க பேட்ச் வாட்ஸ்அப் குரூப்ல ரொம்ப நேரம் யாருமே எதுவும் எழுதல.

கையெழுத்துன்னதும் டிரைவர் அண்ணன்கிட்ட திரும்ப வரேன்.

புருவத்துல தையல் போட்டுட்டு இருக்கேன். "சார், என்னை ஞாபகம் இல்லையா?"ன்னார். "போன வருஷம் லைசென்ஸ் ரினியூவலுக்கு நீங்கதான் கையெழுத்து போட்டீங்க."

ஞாபகம் இல்ல. எப்படி இருக்கும்? டிரைவிங் ஸ்கூல்காரர் அஞ்சாறு பேரை ஒண்ணாக் கூட்டிட்டு வருவார். ஃபார்ம் 1ஏ. நாற்பது வயசு தாண்டினவங்களுக்கு அது வேணும். அதுல கேள்விகள் இதுதான்: பார்வைக் குறை இருக்கா, கண்ணாடி போட்டா சரியாகுதா. நிறக்குருடு கடுமையா இருக்கா. 25 மீட்டர்ல நம்பர் பிளேட் படிக்க முடியுதா. காது கேக்குதா. மாலைக்கண் இருக்கா. கை கால்ல ஊனம் இருக்கா. கையெழுத்து, சீல், அடுத்தவர். ஒரு ஆளுக்கு ரெண்டு நிமிஷம். சில நாள் அதுவும் இல்ல. இதைப் பொதுவுல எழுதறது எனக்குப் பெருமை இல்ல.

மாலைக்கண் இருக்கான்னு கேக்கற ஃபார்ம், ராத்திரி வண்டி ஓட்டறியான்னு கேக்கல. எத்தனை மணி நேரம் தூங்கறேன்னு கேக்கல. குறட்டை விட்டு நடுவுல மூச்சு நின்னு எழுந்திருக்கியான்னு கேக்கல. சுகருக்கு என்ன மாத்திரைன்னு தனியா ஒரு வரி இல்ல. அண்ணனோட கழுத்துச் சுற்றளவையும் எடையையும் பார்த்தா, ஸ்லீப் ஆப்னியா இருக்க நல்ல வாய்ப்பு இருக்குன்னு ஒரு ஹவுஸ் சர்ஜன்கூட சொல்லிடுவார். போன வருஷம் நான் அவர் கண்ணை மட்டும்தான் பார்த்தேன். கண்ணு நல்லாத்தான் இருந்தது.

டாக்ஸிக்கு லைசென்ஸ் கொடுக்கறது நகராட்சின்னு நிறைய பேர் நினைக்கறாங்க. இல்ல. எல்லாம் ஆர்.டி.ஓ. ஆபீஸ், விழுப்புரம்னா டிஎன் 32, திண்டிவனம்னா டிஎன் 16. கார் ஸ்டாண்டு எங்க இருக்கலாம்ங்கறதுல மட்டும்தான் நகராட்சிக்கு வேலை. முன்னாடி டாக்ஸி ஓட்ட பேட்ஜ் தனியா எடுக்கணும். 2017-ல உச்ச நீதிமன்றம், சாதாரண கார் லைசென்ஸ் வச்சிருக்கறவர் 7,500 கிலோவுக்குக் கீழே இருக்கற வாடகை வண்டியும் ஓட்டலாம்னு சொல்லிச்சு. 2024 நவம்பர் 6-ல அஞ்சு நீதிபதிகள் அமர்வும் அதையே உறுதி செஞ்சது. இப்படி ஓட்டறவங்களாலதான் விபத்து அதிகமாகுதுன்னு காட்ட எந்தத் தரவும் யாரும் கொடுக்கலன்னும் சொன்னாங்க. டிரைவர்களுக்கு அது பெரிய நிம்மதி. பேட்ஜுக்கு அலையற செலவும் நாளும் மிச்சம். எனக்கும் அதுல வருத்தம் இல்ல, ஏன்னா பேட்ஜ் இருந்த காலத்துலயும் தூக்கத்தைப் பத்தி யாரும் கேட்டதில்ல.

வேலை நேரத்துக்குச் சட்டம் இருக்கான்னா, 2025 வரைக்கும் ஒண்ணு இருந்தது. 1961-ம் வருஷத்து மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம்: ஒரு நாளைக்கு 8 மணி நேரம், வாரத்துக்கு 48. ஆனா அதுவும் அஞ்சு பேர் அல்லது அதுக்கு மேல வேலை செய்யற நிறுவனத்துக்குத்தான் பொருந்துச்சு. சொந்த வண்டிக்காரருக்கு அவரே முதலாளி, அவரே தொழிலாளி. அங்க பத்து பேர், இங்க அஞ்சு பேர்னு இருந்தது. ராத்திரி முழிச்சிருக்கற ஆளு பெரும்பாலும் ஒத்தை ஆளா இருக்கார்.

என் கூடப் படிச்ச ஒருத்தன் இங்கிலாந்துல இருக்கான். இதைச் சொன்னதும் அவன் சொன்னது எனக்கு ஆச்சரியமா இருந்தது. அங்க ராத்திரி 11-ல இருந்து காலை 5 மணி வரைக்கும் சூடான சாப்பாடோ சூடான பானமோ விக்கணும்னா, 2003-ம் வருஷச் சட்டப்படி லோக்கல் கவுன்சில்ல தனி லைசென்ஸ் வாங்கணும். டாக்ஸி லைசென்ஸும் அதே கவுன்சில்தான். பக்கத்து வீட்டுக்காரர் சத்தம்னு ஆட்சேபணை சொல்லலாம், போலீஸ் சொல்லலாம், கடைக்காரர் பதில் சொல்லலாம், உறுப்பினர்கள் உக்காந்து கேட்டு முடிவை எழுதிக் கொடுப்பாங்க. "மறுத்தாலும் காரணம் எழுதித் தருவான்டா, அப்பீல் போகலாம்"னான். நம்ம 2014 சட்டத்துலயும் கிட்டத்தட்ட இதே ஏற்பாடுதான் இருக்கு. குழு, பதிவு, நோட்டீஸ், அப்பீல். அங்க கூட்டம் நடக்குது.

அதனால ஒரு மனு எழுதினோம். நான் அரசு ஊழியர், நடத்தை விதி இருக்கு, அதனால எழுதினது நான், கையெழுத்து அக்காவோடது. இன்னும் ரெண்டு தள்ளுவண்டிக்காரங்களும், ஸ்டாண்டுல பதினாலு டிரைவர்களும் சேர்ந்து போட்டாங்க. பெருசா எதுவும் கேக்கல. கேட்டை விட்டு நாற்பது அடி தள்ளி, ஆம்புலன்ஸுக்கு வழி விட்டு, மூணு வண்டிக்கு மட்டும் இடம். நேரம் ராத்திரி 10-ல இருந்து காலை 5 வரைக்கும்னு சான்றிதழ்லயே எழுதிடணும். ஒரு தண்ணிக் குழாய், ஒரு குப்பைத் தொட்டி, வண்டியில பேரும் பதிவு எண்ணும். மூணு பேருக்கும் பரிசோதனையும் தடுப்பூசியும் முதல்லயே முடிச்சிடறோம்னு நான் வாய் வார்த்தையா சொல்லியிருக்கேன், அக்காவுக்கு முடிச்சாச்சு. அப்படியே நகர விற்பனைக் குழுவை அடுத்த தடவை எப்போ கூட்டறீங்க, அதுல மருத்துவ அதிகாரி யாருன்னும் ஒரு கேள்வி.

நகராட்சியில ஒரு பிரதி. திங்கள்கிழமை நைட் டியூட்டி முடிச்சு, அப்படியே பஸ் ஏறி, விழுப்புரம் கலெக்டர் ஆபீஸ் குறைதீர் நாள்ல ஒரு பிரதி. வரிசையில நின்னுக்கிட்டே தூங்கிட்டேன், முன்னாடி நின்ன தாத்தா தட்டி எழுப்பினார்.

ரெண்டு மனுவுக்கும் ரசீது இருக்கு. அக்கா இப்போ ஒன்றரை கிலோமீட்டர் தள்ளி பைபாஸ் பாலத்துக்கு அடியில போடுறாங்க. லாரிக்காரங்க வராங்க, வியாபாரம் பரவாயில்லையாம். ஆனா பிரசவ வார்டுல இருந்து யாரும் ராத்திரி ரெண்டு மணிக்கு அங்க நடந்து போக முடியாது. இப்போதைக்கு லேபர் வார்டு அலமாரியில நாங்க நாலு பேர் காசு போட்டு பன்னும் பால் பவுடரும் வாங்கி வச்சிருக்கோம்.

டிரைவர் அண்ணனுக்கு அடுத்த வாரத்தோட ஆறு வாரம் முடியுது. வண்டி ஓட்ட ஃபிட்னஸ் கேட்டு என்கிட்டதான் வர்றார். மூச்சுப் பரிசோதனைக்கு முண்டியம்பாக்கத்துக்கு எழுதித் தரப் போறேன்னு போன்ல சொன்னேன். "சார், அதுக்கு எத்தனை நாள் ஆகும்? இந்த மாசம் டியூ கட்டணும்"னார்.

மனுவுக்குப் பதில் வந்தா இதே த்ரெட்ல போடுறேன்.